பார்த்ததை வரைங்க

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதல்ல. யாராவது படித்துக் காட்டினால், "இதுல பாதி நீ பாத்தது, பாதி நீயா சேத்தது. எது எதுன்னு கோடு போட்டுக் குடு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதைச் செய்ய எனக்குத் தெம்பில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கடை இருந்தது. இப்போது அங்கே நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். அன்று அங்கே வந்தவர்கள் எல்லாரும் கணினியில் விளையாடுகிறவர்கள். விளையாட்டுக்கான படத்தை நொடிக்கு நொடி வரைந்து திரைக்கு அனுப்புவது கிராஃபிக்ஸ் கார்டு. அதற்கு உடம்பு சரியில்லை என்றால் கடல் ஊதாவாகும், வீரனின் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் ஓடும், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருக்கும். அப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் தீவு முழுக்க அக்கா ஒருவர்தான் வைத்தியர் என்று எங்கள் விளையாட்டுக் கூட்டத்தில் பேச்சு.

படிக்கட்டு செங்குத்து. கணினிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு மேலே வந்ததும் முதலில் மூச்சு வர வேண்டும், பேச்சு அதற்கு அப்புறம்தான். அதற்குள் அக்கா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடித்த கையாலேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேசைமேல் தினசரி நாட்காட்டியில் கிழித்த பழைய தாள் ஒன்றைப் பின்பக்கம் தெரிய வைத்து, பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பன்னிரண்டு கலர் பென்சில் டப்பாவைத் திறந்து வைத்துவிடுவார்.

"என்ன பாத்தீங்க, அத வரைங்க."

யாராக இருந்தாலும் வரைய வேண்டும். தஞ்சோங் பகார் அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு டிராகனின் வயிற்றில் தெரிந்த பச்சைக் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். பச்சை முனை உடைந்தபோது அவரே சீவிக்கொண்டார்.

முதல் தடவை போனபோது நான் வரையவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. துவாசில் ஒரு கிடங்கில் சரக்கு வருவதையும் போவதையும் கணினியில் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் கோளாறு திருத்தும் வீடியோக்களாகப் பார்த்துத் தேர்ந்தவள் நான்.

"அக்கா, இது மெமரி பிரச்சினைன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"நினைக்கிறது அப்புறம் லா. மொதல்ல பாத்தது."

"இல்லக்கா, வீடியோல சொன்னாங்க…"

"வீடியோ எடுத்தவரு உங்க வீட்டு ஸ்கிரீன பாத்தாரா?" என்று கேட்டுவிட்டு, ஊதாப் பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார். மெமரிப் பிரச்சினை இல்லை. திரைக்குப் போகும் கம்பி சரியாகச் செருகப்படவில்லை. இதை வெளியே யாரிடமும் நான் சொன்னதில்லை.

பென்சில் எதற்கு, வாயால் சொன்னால் ஆகாதா என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். கோப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "வாயத் தொறந்தா எல்லாரும் காரணம் சொல்றாங்க. பென்சில் குடுத்தா பாத்தத சொல்றாங்க. எனக்குப் பாத்தது போதும், காரணத்த நான் தேடிக்கிறேன்."

அவர் முன்பு திரை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தவர். வரிசையில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரும் திரைகளில் கறை தேடிக் கண்டுபிடித்துத் தாளில் அதே இடத்தில் குறி போடும் வேலை. அங்கே கற்ற ஒரு வித்தையை அவர் கடைசிவரை விடவில்லை. திரையில் ஏதோ தெரிகிறது என்று யாராவது சொன்னால் திரையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். கறையும் கூடவே திரும்பினால் அது திரையில் இருக்கிறது. திரும்பாமல் அங்கேயே நின்றால் வேறு எங்கேயோ இருக்கிறது. மூலையில் வெள்ளையாகத் தேமல் விழுந்துவிட்டது என்று ஒருவர் புதுத் திரையைத் தூக்கி வந்து ஏகமாகச் சண்டை போட்டார். அக்கா அவர் வீட்டுக்கே போய்த் திரையைத் தலைகீழாக வைத்தாராம். தேமல் இருந்த இடத்திலேயே இருந்தது. சமையலறை விளக்கின் வெளிச்சம்.

இன்னொருவர், எல்லா விளையாட்டும் மஞ்சளாகத் தெரிகிறது என்று மஞ்சள் பென்சில் பாதி தேயும்வரை வரைந்தார். அக்கா தாளைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "கண்ணாடி புதுசா?" ஆமாம், போன வாரம்தான், கண்ணுக்கு நல்லது என்று கடையில் சொன்னார்கள் என்றார் அவர். "கழட்டிப் பாருங்க." அவ்வளவுதான் வைத்தியம். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அக்கா சிரித்தார். எதிரில் சிரிக்க மாட்டார். பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அதை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவர்கள் சொன்ன காரணத்தை ஒருநாளும் நம்பியதும் இல்லை.

இந்தப் புத்தியை அவர் கடையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை என் மேலதிகாரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று அவரிடம் புலம்பினேன். எதிர்பார்த்தது ஓர் "ஐயோ பாவம்".

"என்ன பாத்த?"

"மீட்டிங்ல என் பக்கம் திரும்பவே இல்லக்கா."

"அவ்ளோதான் நீ பாத்தது. மிச்சம் உன் கார்டு வரைஞ்சது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அக்காவிடம் யாரும் கட்டிப்பிடித்து அழக்கூட முடியாது, அதற்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடுவார் என்று திட்டிக்கொண்டே தேக்கா சந்தைப் பக்கம் நடந்தேன். மேலதிகாரிக்குக் கழுத்துச் சுளுக்கு என்று திங்கட்கிழமை தெரிந்தது. அதையும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பா பஸ் கேப்டனாக, அதாவது பஸ் ஓட்டுநராக இருந்தவர். நிறுத்தத்தில் கை காட்டிய ஒருவரையும் விட்டுவிட்டுப் போனதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம்கூட அதைச் சொல்லுவார். சில வருடங்களுக்கு முன் அவர் வலது கண்ணில் ஓரமாக ஒரு திரை இறங்கியது. அசதி என்று நினைத்து இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது விழித்திரை முழுவதும் பிரிந்துவிட்டது என்றார்கள். அந்தக் கண் போனது, கூடவே வேலையும் போனது. மிச்சம் இடது கண் ஒன்றுதான்.

வீட்டில் சும்மா உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கீழே போகும் பஸ்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவருக்கு நான் ஒரு பஸ் ஓட்டும் விளையாட்டு வாங்கிக் கொடுத்தேன். மேசையில் பொருத்திக்கொள்ள ஸ்டீயரிங், கீழே மிதிகள், திரையில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற ஏதோ ஓர் ஊர். அப்பா காலை இட்லி முடித்ததும் சாக்ஸ் போட்டு ஷூ மாட்டிக்கொண்டுதான் அதில் உட்காருவார். செருப்புக் காலோடு பஸ் ஓட்டக் கூடாதாம். அந்த இரண்டு மணி நேரம் அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் காலை வேலைக்கு மட்டம் போட்டதுண்டு.

ஒரு வாரம் அந்த ஊரின் வானத்தில் இளஞ்சிவப்புக் கட்டங்கள் வந்தன. தெருவிளக்குக் கம்பங்கள் மேகம்வரை நீண்டன. அப்பாவின் ஓட்டமும் கெட்டது. நிறுத்தங்களைத் தாண்டித் தாண்டிப் போனார். பயணிகள் பின்னால் கத்துகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது. "ஸ்டாப்பே தெரியல பாப்பா. திடீர்னு வருது. கார்டு கெட்டுப்போச்சு" என்றார். நான் மென்பொருளை அழித்துப் போட்டேன், திரும்பப் போட்டேன், கம்பியை நன்றாகச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். கேட்பதற்கு முன்பே இளஞ்சிவப்புப் பென்சிலை எடுத்து வரைந்தேன்.

அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "ஓட்டறது யாரு?" என்றார்.

"அப்பாக்கா."

"அவரு வரலையா?"

"அவரும் இதேதான் பாத்தாரு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

வழக்கமான குடைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றினார். கடை முழுக்க வாசனை வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "சாமி அலமாரிக்குக் கீழயா வெச்சிருக்க?" என்றார். ஆமாம். மூவறை வீட்டில் வேறு எங்கே வைப்பது? வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா போட்ட சாம்பிராணிப் புகையைக் கார்டின் விசிறி உள்ளே இழுத்து இழுத்து, சூடு வெளியேறுகிற தகடுகளுக்கு நடுவே கரியாக அப்பிவைத்திருந்தது. சூடு தாங்காமல்தான் கார்டு கண்டபடி வரைந்திருக்கிறது. "ரொம்ப பக்தியான கார்டு" என்று சொல்லிக்கொண்டே அக்கா பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்ட ஆரம்பித்தார்.

நான் எழுந்தபோது, "நாளைக்கு ஓட்டறவர கூட்டிட்டு வா. அவரு வரைஞ்சாதான் பொட்டிய விடுவேன்" என்றார். யார் வந்தாலும் அதுதான் சட்டம். பழுது நீங்கிய பிறகும் ஒரு தாள் வரைய வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை காலை அப்பா ஷூ மாட்டிக்கொண்டு வந்தார். படிக்கட்டில் கைப்பிடியை விடாமல் ஏறினார். அதையும் நான் பார்த்தேன், ஆனால் பார்த்ததாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அக்கா கடையிலிருந்த ஒரு ஸ்டீயரிங்கை மாட்டி ஓட்டிக் காட்டினார். கார்டைப் பற்றி அத்தனையும் தெரிந்தவருக்கு ஓட்டத் தெரியாது. நடைபாதையில் ஏறினார், ஒரு குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனார், சிவப்பு விளக்கில் நின்று பச்சை விழுந்ததும் பின்னால் போனார். அப்பாவின் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. "எழுந்திரும்மா, எழுந்திரு" என்று அவரை விரட்டிவிட்டு உட்கார்ந்தார். வானம் சுத்தமாக இருந்தது. கம்பங்கள் கம்பங்களாக நின்றன.

"எல்லாம் சரியாயிடுச்சு" என்றார் அப்பா.

"சரியாயிடுச்சுங்கறது நீங்க பாத்தது இல்ல அங்கிள்." அக்கா விளையாட்டை அப்படியே நிறுத்தி வைத்துத் தாளை நீட்டினார். "திரையில என்ன இருக்கோ அத வரைங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"எல்லாரும் வரைவாங்க அங்கிள்."

அப்பா வரைந்தார். நன்றாகவே வரைந்தார். நடுவில் சாலை, வலப்பக்கம் மரங்கள், தூரத்தில் ஒரு மேம்பாலம், மேலே நீல வானம். தாளின் இடது கீழ்ப்பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. அதில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க என்ன அங்கிள்?" அக்கா தாளின் வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"அங்க… கொஞ்சம் இருட்டா இருக்கு. கார்டு முழுசா சரியாகல போல."

அக்கா திரையைத் தூக்கி, கம்பிகளோடு மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி மேசையில் நிறுத்தினார். வானம் கீழே வந்தது. நிறுத்தத்தில் நின்ற மூன்று பேரும் வலது மேல்மூலையில் தலைகீழாகத் தொங்கினார்கள்.

"இப்ப இருட்டு எங்க அங்கிள்?"

அப்பா கை நீட்டினார். விரல் அதே இடது கீழ்மூலையைத்தான் காட்டியது. அங்கே இப்போது நல்ல நீல வானம். காட்டிய விரலை அவரே பார்த்தார். பிறகு மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றார். நான் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"எத்தன நாளா?"

"நாலு நாள். அஞ்சு இருக்கும். கார்டுன்னுதான்மா நெனச்சேன். சத்தியமா கார்டுன்னுதான் நெனச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு கண்ணை இப்படித்தானே பறிகொடுத்தார். அந்த வாரம் பார்த்து வானத்தில் வந்த இளஞ்சிவப்புக் கட்டங்களுக்குப் பின்னால் இந்தக் கண்ணையும் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். அவரும் இதேதான் பார்த்தார் என்று அடித்துச் சொன்னவள் நான். அந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்.

அக்கா அதற்குள் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். படியில் ஒருவர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "கீழ பூக்கடையில வெச்சிட்டுப் போங்க. பாத்தத மறக்கறதுக்குள்ள வரைஞ்சு வைங்க" என்று அவர் கையிலும் ஒரு தாளைத் திணித்தார். சிராங்கூன் ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே சாலையில் இறங்கி நின்று டாக்சியை மறித்தவரும் அவர்தான். வழியெல்லாம் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

கண் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்த தாதி என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் பழைய கதையிலிருந்து தொடங்கினேன். அக்கா என்னைத் தாண்டிக் கை நீட்டி, அப்பா வரைந்த தாளைக் கவுண்டரில் வைத்தார். "இடது கண்ணு. இந்த எடம் தெரியல. அஞ்சு நாள். இன்னொரு கண்ணு ஏற்கெனவே இல்ல." தாதி தாளைப் பார்த்தார். உடனே எழுந்து உள்ளே போனார்.

விழித்திரை ஓரத்தில் பிரிந்திருந்தது, நடுப்பகுதி இன்னும் தப்பித்திருந்தது. இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். மறுநாள் காலை அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து, அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் ஒரு வாரம் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று அந்த ஒரு வாரம் யாராலும் சொல்ல முடியாது.

குப்புறப் படுத்துக்கொண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு நேரம் இருப்பார்? அப்பா சாப்பிடவில்லை, பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் அக்கா கடையைச் சாத்திவிட்டு எங்கள் பெட்டியோடு வந்தார். சாமி அலமாரிப் பக்கமே போகாமல் அப்பாவின் படுக்கையறையில் எல்லாவற்றையும் பொருத்தினார். உட்கார்ந்து பஸ்ஸைக் கிளப்பினார்.

"மூணாவது கியர்ல ஏன் இப்படி அலற விடுற?" குப்புறப் படுக்கிறவர் மூச்சுவிட ஓட்டை வைத்த தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. மூன்று நாளில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"நீங்க சொல்லுங்க அங்கிள், நான் ஓட்டறேன்."

"ஸ்டாப் வருதா?"

"வருது. ரெண்டு பேரு நிக்கிறாங்க."

"கால எடு. பிரேக்க மெதுவா… கதவு சத்தம் கேக்கலயே. நிறுத்தலயா?"

"தாண்டிட்டேன் அங்கிள்."

"ஆள் நிக்கிறாங்கன்னு நீதானம்மா சொன்ன."

"கை காட்டல லா."

"கை காட்டலன்னா என்ன? நிக்கிறாங்கல்ல?"

அந்த வாரம் முடியும்வரை தினமும் ஒரு மணி நேரம் அக்கா வந்து ஓட்டினார், தினமும் நிறுத்தங்களைத் தாண்டினார், அப்பா தினமும் தரையைப் பார்த்தபடி அவரைத் திட்டினார். திட்டித் திட்டிப் பசி வந்து கஞ்சி குடித்தார். அக்கா வேண்டுமென்றே தாண்டினாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அவர் தாண்டியதை மட்டும்தான்.

குமிழி கரைய இன்னும் சில வாரங்கள் ஆயின. மருத்துவர் இனி சாதாரணமாக இருக்கலாம் என்று சொன்ன அன்றே அப்பா ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். மருத்துவர் சோதித்தது போதாதாம், கடைக்குப் போக வேண்டுமாம். படிக்கட்டில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டப்பாவ எடும்மா" என்றார்.

அக்கா ஒரு திரையில் பஸ் விளையாட்டைப் போட்டு, ஆளில்லாத ஒரு சாலையில் நிறுத்தி வைத்தார். அப்பா வெகுநேரம் வரைந்தார். நான் எட்டிப் பார்க்கப் போனபோது தோளால் மறைத்துக்கொண்டார். முடித்ததும் தாளை அக்கா பக்கம் நகர்த்தினார்.

சாலை, மரம், வானம் எல்லாம் இருந்தன. இடது கீழ்ப்பக்கம் வெறுமையாக இல்லை. அங்கே ஒரு பஸ் நிறுத்தம். அதில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்திருந்தாள்.

அக்கா திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"ஸ்கிரீன்ல இது இல்லயே அங்கிள். பாத்தத மட்டும்தான் வரையணும்."

"பாத்ததத்தான்மா வரைஞ்சிருக்கேன்" என்றார் அப்பா.

அக்கா தாளை மடித்துப் பென்சில் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தாளை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்குத் தரவில்லை.